மூன்றாம் சொல்லும் முதல் தலைமுறையும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவர் ஒருவர்)

‘கோ, வென்ட், கான், ரைட், ரோட், ரிட்டன், பிரேக், புரோக், புரோக்கன்.’ தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பள்ளியில் படித்தவராயினும் இந்த வரிசையை அறியாதவர் இருக்க முடியாது. பெருக்கல் வாய்ப்பாட்டையும் இதையும் நாம் ஒரே ராகத்தில்தான் ஒப்பித்தோம். பதினேழாம் வாய்ப்பாட்டில் தடுமாறியவர்கள்கூட இதில் தடுமாறியதில்லை. ஆயினும், கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்கு வந்த பிறகும், ‘நான் கடிதம் எழுதியிருக்கிறேன்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் நம்மவர் பலருடைய விடைத்தாளில் ‘ஐ ஹேவ் ரோட்’ என்றே காணப்படுகிறது. வரிசை நெஞ்சில் இருக்கிறது. வாக்கியம் கைக்கு வரவில்லை. இது ஏன்? இக்குறையை நீக்க வழி என்ன? இதைப் பற்றி எனக்குத் தோன்றியவற்றைப் பேராசிரியப் பெருமக்கள் முன்னும், மாணவ நண்பர்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

‘ஒரு சொல்லுக்கு இவ்வளவு பெரிய கட்டுரையா?’ என்று சிலர் கேட்கலாம். சொல் சிறியதுதான். அதனால் விளையும் இழப்பு சிறியதன்று. என் ஊர் சேத்தியாத்தோப்பு. என் தந்தை கரும்பு வெட்டும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவன் நான்தான் முதல். எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் நிலையும் இதுவே. வீட்டில் ஆங்கிலம் பேசுவார் இல்லை. பிழை சொன்னால் திருத்துவாரும் இல்லை. நமக்கு ஆங்கிலம் கிடைக்கும் ஒரே இடம் வகுப்பறை. அந்த வகுப்பறையில் வராதது பிறகு எங்கே வரும்?

வேதியியல் தாள்கள் அனைத்திலும் தேறிவிட்டு, பகுதி இரண்டு ஆங்கிலத்தில் ஒரே ஒரு ‘அரியர்’ நிற்பதால் பட்டம் கைக்கு வராமல், எங்கள் ஊர்க் கடையொன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் அண்ணன் ஒருவரை நான் அறிவேன். வேலைக்கான நேர்காணல் ஒன்றுக்குச் சென்ற அக்கா ஒருவரையும் அறிவேன். அவர் ‘ஐ ஹேவ் வென்ட்’ என்று தொடங்கியதும், எதிரே அமர்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களாம். அதற்குமேல் அவருக்கு வாய் எழவில்லை. அவருக்கு வேதியியல் எவ்வளவு தெரியும் என்பதைக் கேட்டறிய அங்கே எவருக்கும் வாய்ப்பே ஏற்படவில்லை. ‘வென்ட்’ என்ற ஒரு சொல் மூன்றாண்டுப் படிப்பின் மீது திரை போட்டுவிட்டது. இப்போது சொல்லுங்கள், இது சிறிய செய்தியா?

குறை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். மூன்று சொற்களையும் நாம் ஒரே கொத்தாகப் பெற்றோம். முதற்சொல் நிகழ்காலத்துக்கு, இரண்டாம் சொல் இறந்தகாலத்துக்கு என்று விளக்கம் கிடைத்தது. மூன்றாம் சொல் எதற்கு என்பதற்கு ‘பாஸ்ட் பார்ட்டிசிபிள்’ என்ற பெயர்தான் விடையாகக் கிடைத்தது. பெயர் தெரிந்ததே தவிர, அது வாக்கியத்தில் எங்கே வந்து உட்காரும் என்பது தெரியவில்லை. ஆகவே இரண்டும் இறந்தகாலந்தானே என்று எண்ணி, எளிதாக நாவில் வரும் இரண்டாம் சொல்லையே எல்லா இடத்திலும் பலர் போட்டுவிடுகிறார்கள்.

ஆனால் இதே வேறுபாடு நம் தமிழில் நமக்கு நன்றாகத் தெரியும் என்பதுதான் வியப்பு. ‘எழுதினேன்’ என்பது வினைமுற்று. அது வாக்கியத்தை முடித்துவைத்து நிமிர்ந்து நிற்கும். ‘எழுதி’ என்பது எச்சம். அது வேறொரு சொல்லைப் பற்றிக்கொண்டுதான் நிற்கும். ஆகவேதான் ‘எழுதியிருக்கிறேன்’ என்கிறோம். ‘எழுதினேன் இருக்கிறேன்’ என்று எழுத்தறியாப் பாட்டிகூடச் சொல்லமாட்டார். ‘ஐ ஹேவ் ரோட்’ என்பது சரியாக அந்த ‘எழுதினேன் இருக்கிறேன்’தான்! ‘ரோட்’ என்பது முற்று. ‘ரிட்டன்’ என்பது எச்சம். முற்றுக்குத் துணை வேண்டாம். எச்சத்துக்குத் துணை வேண்டும். பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் ‘முற்றும் எச்சமும்’ என்று நாம் படித்த பாடம், பகுதி இரண்டு ஆங்கில வகுப்புக்குத் திறவுகோல். ஆனால் மணி அடித்ததும் தமிழ் நோட்டை மூடிவிட்டுத்தான் ஆங்கில நோட்டைத் திறக்கிறோம். 1968-ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் இருமொழிக் கொள்கை நடைமுறையில் இருக்கிறது. இரண்டு மொழிகளையும் ஒரே மாணவன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறான். அவை இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள மட்டும் நாம் இன்னும் விடவில்லை.

இந்த மூன்றாம் சொல் குடியிருக்கும் வீடுகள் மூன்று. பீங்கான் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம் நமக்கு அண்மையில் இருப்பதால், ஒரு பொம்மையைக் கொண்டே இதை விளக்கலாம்.

முதல் வீடு, ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ ஆகியவற்றின் பக்கம். ‘ஷீ ஹேஸ் புரோக்கன் தி டால்’ என்றால், அவள் பொம்மையை உடைத்திருக்கிறாள் என்று பொருள். இரண்டாம் வீடு, ‘இஸ்’, ‘வாஸ்’, ‘வேர்’, ‘பீன்’ ஆகியவற்றின் பக்கம். ‘தி டால் வாஸ் புரோக்கன்’ என்றால், பொம்மை உடைக்கப்பட்டது. நாம் செயப்பாட்டுவினை என்று படித்தது இதுவே. மூன்றாம் வீடு, ஒரு பெயர்ச்சொல்லின் பக்கம். ‘எ புரோக்கன் டால்’ என்றால் உடைந்த பொம்மை. இது நம் பெயரெச்சம் செய்யும் வேலை. மூன்று இடத்திலும் ‘புரோக்கன்’ ஏதாவது ஒன்றைப் பற்றிக்கொண்டே நிற்பதைக் காண்க. ‘புரோக்’ என்பதோ, ‘ஷீ புரோக் தி டால்’ என்று எவர் துணையுமின்றி நிற்கிறது. இவ்வளவுதான் இலக்கணம். இதற்குமேல் மிஞ்சுவது பழக்கம்.

‘வாக், வாக்ட், வாக்ட்’ போன்ற ஒழுங்கான வினைகளில் இந்தச் சிக்கல் எழுவதில்லையே என்று கேட்கலாம். அங்கே இரண்டாம் சொல்லும் மூன்றாம் சொல்லும் ஒரே வேடம் பூண்டிருப்பதால், யார் எந்த வேலை செய்கிறார் என்பது வெளியே தெரிவதில்லை. ஒழுங்கற்ற வினைகளில்தான் இருவரும் தம் சொந்த முகத்தோடு வருகிறார்கள். நம்மைத் துன்புறுத்துவதாக நாம் நினைக்கும் சொற்களே இலக்கணத்தின் உண்மையை நமக்குக் காட்டிக் கொடுக்கின்றன.

சரி, இப்படி ஒழுங்கற்ற வினைகள் ஏன் இருக்கின்றன? ஆங்கிலேயர் நம்மைத் தொல்லைப்படுத்தவா இவற்றை வைத்திருக்கிறார்கள்? அறிவியல் மாணவர்களாகிய நமக்கு இதற்கு ஒரு சுவையான விடை உண்டு. 2007-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் எரெஸ் லீபர்மன் முதலிய ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பழைய ஆங்கிலத்தில் இருந்த 177 ஒழுங்கற்ற வினைகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் வரலாற்றை அவர்கள் பின்தொடர்ந்தார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றுள் 145 மட்டுமே ஒழுங்கற்றவையாக எஞ்சின. இன்று எஞ்சியிருப்பவை 98. மற்றவை ‘எட்’ விகுதி பெற்று ஒழுங்காகிவிட்டன. எது விரைவில் மாறுகிறது என்றால், மக்கள் நாவில் குறைவாகப் புழங்கும் வினையே. நூறு மடங்கு குறைவாகப் புழங்கும் வினை, பத்து மடங்கு விரைவாக ஒழுங்காகிவிடுகிறது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். கதிரியக்கத் தனிமத்துக்கு அரை ஆயுட்காலம் இருப்பதுபோல் வினைச்சொல்லுக்கும் ஓர் அரை ஆயுட்காலம் இருக்கிறது!

இதிலிருந்து பெறும் பாடம் என்ன? வருதல், போதல், உண்ணுதல், கொடுத்தல், எழுதுதல் போன்று அன்றாடம் புழங்கும் வினைகளே ஒழுங்கற்றவையாக நிலைத்திருக்கின்றன. வாயிலும் காதிலும் ஓயாது புழங்கியதால் அவை பிழைத்திருக்கின்றன. புழக்கத்தால் பிழைத்த சொல்லைப் புழக்கத்தால்தான் கற்க முடியும், பட்டியலால் அன்று.

மாறிப்போன சொற்களின் எலும்புகள் நம் வேதியியல் நூலிலேயே கிடக்கின்றன. ‘ராட் அயர்ன்’ என்று தேனிரும்பைச் சொல்கிறோம். ‘ராட்’ என்பது ‘வர்க்’ என்ற வினையின் பழைய மூன்றாம் சொல். வினை ‘வர்க்ட்’ என்று மாறிவிட்டது. இரும்பு மட்டும் பழைய பெயரை விடவில்லை. ‘மோல்ட்டன் சோடியம் குளோரைடு’ என்று டவுன்ஸ் முறையில் படிக்கிறோம். ‘மோல்ட்டன்’ என்பது ‘மெல்ட்’ என்பதன் பழைய மூன்றாம் சொல். இன்று பனிக்கட்டி உருகியிருக்கிறது என்பதற்கு ‘ஹேஸ் மெல்ட்டட்’ என்றே சொல்ல வேண்டும். ஆனால் உருகிய உப்புக்கும் உலோகத்துக்கும் ‘மோல்ட்டன்’ நிற்கிறது. ‘வென்ட்’ என்பதன் கதை இன்னும் வேடிக்கையானது. அது ‘கோ’ என்ற வினைக்குப் பிறந்த பிள்ளையே அன்று. ‘வெண்ட்’ என்ற வேறொரு வினையின் இறந்தகாலம் அது. பிற்காலத்தில் ‘கோ’ வீட்டுக்கு வந்து சேர்ந்துகொண்டது. ‘கான்’தான் அந்த வீட்டுப் பிள்ளை. ‘ஹேவ்’ பக்கத்தில் உட்காரும் உரிமை ‘கான்’ என்பதற்கே உண்டு என்று நினைவில் வைத்துக்கொண்டால், ‘ஹேவ் வென்ட்’ மறுபடியும் வாயில் வராது.

‘ஆங்கிலம் ஒழுங்கில்லாத மொழி, தமிழ் அப்படியா?’ என்று சில நண்பர்கள் பெருமை பேசுவதுண்டு. நானும் தமிழ்ப் பற்றுடையவன்தான். ஆனால் ‘வா’ என்பது ‘வந்தான்’ என்றும், ‘போ’ என்பது ‘போனான்’ என்றும், ‘நில்’ என்பது ‘நின்றான்’ என்றும், ‘கேள்’ என்பது ‘கேட்டான்’ என்றும், ‘சா’ என்பது ‘செத்தான்’ என்றும் ஆவதை ஒரு வெளிநாட்டவர் கற்கும்போது அவர் படும் பாட்டை எண்ணிப் பார்க்க வேண்டாமா? இறந்தகாலம் காட்ட நன்னூலார் நான்கு இடைநிலைகள் கூறுகிறார். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி நம் வினைகளைப் பதின்மூன்று வகையாகப் பிரித்து எண்ணிட்டிருக்கிறது. அந்தப் பதின்மூன்றையும் நாம் ஒப்பித்தா கற்றோம்? ‘அப்பா வந்தார், சோறு வெந்தது, மழை நின்றது’ என்று வாக்கியமாகக் கேட்டே கற்றோம். ஆங்கிலேயர் வீட்டுக் குழந்தையும் தொடக்கத்தில் ‘கோட்’ என்று சொல்லிப் பார்த்துவிட்டு, பெரியோர் பேச்சைக் கேட்டுக் கேட்டே ‘வென்ட்’டுக்கும் ‘கானு’க்கும் வந்து சேர்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பிழையைச் செய்பவன் தாழ்ந்தவன் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிக் கிடக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பின்னாளில் லண்டன் பிஷப்பாக விளங்கிய ராபர்ட் லவுத் என்பவர் 1762-ஆம் ஆண்டு ஓர் ஆங்கில இலக்கண நூல் வெளியிட்டார். மூன்றாம் சொல் வரவேண்டிய இடத்தில் இரண்டாம் சொல்லை வைப்பது பெரும் பிழை என்று அதில் அவர் கண்டித்தார். அதற்கு அவர் எடுத்துக்காட்டுகளை எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? மகாகவி மில்டன் முதலியோருடைய எழுத்துகளிலிருந்து! இன்றும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வட்டார வழக்கில் ‘ஐ ஹேவ் வென்ட்’ என்றும் ‘ஐ சீன்’ என்றும் பேசும் மக்கள் ஏராளம். ஆகவே இது அறிவின் அளவுகோல் அன்று. எழுத்து வழக்கில் நிலைபெற்றுவிட்ட ஒரு மரபு. மரபு என்பதால் அதைக் கற்றாக வேண்டும். மரபுதான் என்பதால், அது வராதவரைப் பார்த்துச் சிரிக்க எவருக்கும் உரிமை இல்லை.

மரபுதானே, எதைப் போட்டால் என்ன என்று விட்டுவிடவும் முடியாது. சில இடங்களில் பொருளே புரண்டுவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கடலூர் மாவட்டத்தைத் தாக்கியபோது விழுந்த மரங்களுக்குக் கணக்கே இல்லை. அப்படி விழுந்த மரங்களை ‘ஃபாலன் டிரீஸ்’ என்று எழுத வேண்டும். ‘ஃபெல்ட் டிரீஸ்’ என்று எழுதினால் வெட்டி வீழ்த்திய மரங்கள் என்று ஆகும். ‘ஃபால், ஃபெல், ஃபாலன்’ ஒரு வினை. ‘ஃபெல், ஃபெல்ட், ஃபெல்ட்’ வேறொரு வினை. நிவாரணம் கேட்டு எழுதும் மனுவில் ஒரு விவசாயி இதை மாற்றி எழுதிவிட்டால், புயல் சாய்த்த பலாவைத் தானே வெட்டியதாக வாக்குமூலம் கொடுத்தவர் ஆகிவிடுவார். அந்த மனுவை எழுதிக் கொடுக்கச் சொல்லி ஊரார் தேடி வருவது யாரிடம்? கல்லூரியில் படிக்கும் நம்மிடந்தான். அதுபோலவே ‘ஃபவுண்ட்’ என்றால் கண்டறியப்பட்டது. ‘ஃபவுண்டட்’ என்றால் நிறுவப்பட்டது. உப்பு கண்டறியப்படும்; கல்லூரி நிறுவப்படும்.

இனி, என் கருத்துக்கு வலுவான சான்று ஒன்றைத் தருகிறேன். அது நம் ஆய்வுக்கூடத்து ரெக்கார்டு நோட்டு. அதைத் திறந்து பாருங்கள். ‘தி கிவன் சால்ட் வாஸ் டேக்கன் இன் எ டெஸ்ட் டியூப்’ என்று எழுதியிருக்கும். கொடுக்கப்பட்ட உப்பு சோதனைக் குழாயில் எடுத்துக்கொள்ளப்பட்டது என்பது பொருள். இந்த ஒரே வாக்கியத்தில் ‘கிவன்’ என்று ஒரு மூன்றாம் சொல், பெயரெச்சமாக. ‘டேக்கன்’ என்று இன்னொரு மூன்றாம் சொல், செயப்பாட்டுவினையாக. தொடர்ந்து ‘வாஸ் கெப்ட்’, ‘வாஸ் ட்ரான்’, ‘வாஸ் ஃபவுண்ட்’ என்று பக்கம் பக்கமாக வருகின்றன. ‘தி கேவ் சால்ட் வாஸ் டுக்’ என்று எழுதிய ஒரு மாணவரையாவது நம் வேதியியல் துறையில் கண்டதுண்டா? இல்லை. ஆங்கிலத் தாளில் ‘ஹேவ் டுக்’ என்று எழுதும் அதே கை, ரெக்கார்டில் ‘வாஸ் டேக்கன்’ என்று பிழையின்றி எழுதுகிறது. காரணம் வெளிப்படை. ஒன்றை வாக்கியமாகக் கற்றோம். மற்றொன்றைப் பட்டியலாகக் கற்றோம். நம் மூளையில் குறையில்லை. கற்ற முறையில்தான் குறை.

‘மனப்பாடம் செய்யாமல் எப்படி வரும்?’ என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. மனப்பாடத்தை நான் பழிக்கவில்லை. வாய்ப்பாடு தெரியாமல் கணக்குப் போட முடியாது. ஆனால் கணக்கே போடாமல் வாய்ப்பாட்டை மட்டும் பத்தாண்டு ஒப்பித்தால் என்ன பயன்? பட்டியலை ஒப்பிக்கும்போதே மூன்றாம் சொல்லைத் துணையோடு ஒப்பிக்கலாமே! ‘ரைட், ரோட், ஹேவ் ரிட்டன்’, ‘கோ, வென்ட், ஹேவ் கான்’ என்று ஒரு சொல் கூடச் சேர்த்தால் போதும். எச்சத்தைத் துணையில்லாமல் நாவில் ஏற்றாதிருப்பதே பாதி வெற்றி.

‘கைப்பேசியே திருத்திக் கொடுக்கிறது, நாம் ஏன் கற்க வேண்டும்?’ என்பது இக்காலத்து வாதம். உண்மைதான், கருவி திருத்தும். ஆனால் தேர்வுக்கூடத்துக்குள் அதற்கு அனுமதி இல்லை. நேர்காணலில் எதிரே இருப்பவரிடம் ‘சற்றுப் பொறுங்கள், கைப்பேசியைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்லவும் இயலாது. தவிரவும், கருவி தந்தது சரியா என்று பார்த்துச் சொல்ல நமக்கே தெரிந்திருக்க வேண்டாமா?

ஆகவே சில வேண்டுகோள்கள். பேராசிரியப் பெருமக்களுக்கு: பகுதி ஒன்றில் முற்றும் எச்சமும் நடக்கும் வாரத்திலேயே பகுதி இரண்டில் இரண்டாம் சொல்லும் மூன்றாம் சொல்லும் நடக்குமாறு தமிழ்த் துறையும் ஆங்கிலத் துறையும் கலந்து பேசினால் என்ன? கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்வதோடு நில்லாமல், ஒரு வினையைக் கொடுத்து அதன் மூன்றாம் சொல்லை மூன்று வீடுகளிலும் வைத்துச் சொந்தமாக மூன்று வாக்கியம் எழுதச் சொன்னால் என்ன? அறிவியல் மாணவருக்கு ரெக்கார்டு நோட்டையே ஆங்கிலப் பாடமாக ஒரு மணி நேரம் நடத்தினால் என்ன?

மாணவ நண்பர்களுக்கு: அகராதி முழுவதையும் விழுங்க வேண்டியதில்லை. நம் அன்றாடத்துக்கு வேண்டிய இருபத்தைந்து வினைகள் போதும். நாளுக்கு ஒன்று. அதுவும் நம் சொந்த வாழ்க்கையைப் பற்றியதாக இருக்கட்டும். ‘பஸ் போய்விட்டது’, ‘அம்மா சாப்பிட்டாயிற்று’, ‘ஏரி நிறைந்திருக்கிறது, வீராணத்தில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள்’ என்று காலையில் நாம் சொல்லும் செய்திகளையே ஆங்கிலத்தில் சொல்லிப் பார்ப்போம். ஒரு மாதத்தில் மூன்றாம் சொல் நமக்கு விருந்தாளியாக இராது; வீட்டாள் ஆகிவிடும்.

கடைசியாக ஒன்று. வகுப்பில் ஒருவர் எழுந்து ஆங்கிலம் பேசும்போது பின் பெஞ்சிலிருந்து சிரிப்பு எழக்கூடாது. சிரிப்பவரும் பெரும்பாலும் முதல் தலைமுறைதான். நேர்காணலில் நம்மைப் பார்த்துச் சிரிக்க ஊரில் ஆள் இருக்கிறது. அந்த வேலையை நாமே நமக்குள் செய்துகொள்ள வேண்டாம். பிழையாகப் பேசுபவர் பேசப் பேசத் திருந்துவார். பேசாதவருக்குத் திருந்த வழியே இல்லை. நம்முடைய தந்தையரும் தாயாரும் வெயிலில் உழைத்து நமக்கு ஒரு பெஞ்சை வாங்கித் தந்திருக்கிறார்கள். அந்த பெஞ்சில் வாய்மூடி உட்கார்ந்திருக்க அல்ல. எழுந்து நின்று, துணைச்சொல்லோடு, முழு வாக்கியமாகப் பேசவே வந்திருக்கிறோம்.